ஒரே இரவில் சுருங்கிய பிள்ளைகள்

"சித்தி, தூங்கி எந்திரிச்சா ஆளுங்க சுருங்கிப் போயிடுவாங்களா?"

துப்பறியும் அலுவலகத்தில் ஆறு வருடமாகக் குப்பை கொட்டும் சின்னவளிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் எங்கே போகிறார்? என் நாயைக் கூட்டிக்கொண்டு போனது மாடி வீட்டுக்காரரா, எதிர் வீட்டுக்காரரா? எல்லாவற்றுக்கும் அவள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்த இடத்திலேயே பதில் எழுதிவிடுவாள். கேட்ட மாத்திரத்தில் அவளை நாற்காலியை விட்டு எழ வைத்த கேள்வி இந்த ஒன்றுதான். அக்கா குடும்பத்தோடு போன விடுமுறையில், விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், காலை எட்டே காலுக்கு, கையில் பாதி கடித்த ரொட்டியோடு அக்கா மகள் சுண்டு கேட்டது.

சுண்டுவுக்கு எட்டு வயது. மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. அழுது ஓய்ந்த முகம்.

"யாரு கண்ணு சுருங்குனது?"

"நான்தான். நேத்து சாயங்காலம் வந்த உடனே ஒட்டகச்சிவிங்கிகிட்ட நின்னேன்ல? நூத்தி இருபத்தொண்ணு. பெட்டி தூக்கற அண்ணன்கூடப் பாத்தாரு. இன்னிக்கு நூத்திப் பதினேழாம்."

சின்னவள் யோசித்தாள். படுத்து எழுந்தால் ஆள் ஓர் அரை விரல் நீளுவதுண்டு. நின்று நடந்து சாயங்காலம் ஆனால்தான் அது குறையும். காலையில் நான்கு சென்டிமீட்டர் குறைந்த பிள்ளையை அவள் கேள்விப்பட்டதேயில்லை.

விளையாட்டுப் பூங்காவின் வாசலிலிருந்து பஸ்ஸில் ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்தது அந்த விடுதி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மெத்தை போட்டாற்போல இருக்கும். ஆறு மாடி. அறைக்கு அறை ஏணி வைத்த அடுக்குக் கட்டில். லிஃப்ட் பொத்தான்கள் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி தாழ்வாக இருந்ததால் பெரியவர்கள் கும்பிடுவதுபோலக் குனிந்துதான் மாடி ஏற வேண்டும். வரவேற்புக் கூடத்தில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு பலகை ஒட்டகச்சிவிங்கி நின்றது. கழுத்து நெடுகச் சென்டிமீட்டர் கோடு. பக்கத்தில் முக்காலி போட்டு அளவுக்காரம்மா. தினமும் ஏழரைக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தலைமேல் கட்டையை இறக்கிப் பார்ப்பாள். நூற்றி இருபதைத் தொட்டால் பச்சைப் பட்டை. தொடாவிட்டால் மஞ்சள்.

பச்சை கட்டிய பிள்ளை 'பறக்கும் திமிங்கலம்' என்ற பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறலாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மஞ்சள் கட்டிய பிள்ளைக்கு வாத்து வண்டி. பட்டையைக் கத்தரித்தால்தான் கழற்ற முடியும். பூங்காவில் யாரும் மறுபடி அளக்க மாட்டார்கள். ஒட்டகச்சிவிங்கி சொன்னால் சொன்னதுதான்.

"அக்கா, அளக்கும்போது கூட யாரு இருந்தாங்க?" என்று சின்னவள் அக்காவிடம் கேட்டாள்.

"உங்க அத்தான்தான். நான் குளிச்சிட்டிருந்தேன். வீட்டுக் கதவுல நானே பென்சில் கோடு போட்டு வெச்சிருக்கேன்டி, நூத்தி இருபத்தொண்ணு. கீழ இறங்கி வந்து நாலு வார்த்தை கேக்கலாம்னா, 'நீ சத்தம் போடாத, நான் மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துக்கறேன்'னுட்டார். சாயங்காலம் ஊருக்குக் கெளம்பணும். இந்தப் பிள்ளை உசரமாகணும்னு ரெண்டு வருஷமா கம்பியில தொங்கினது எல்லாம் இதுக்கா?" அக்கா சுண்டுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பழச்சாறு வரிசைக்குப் போனாள்.

அத்தான் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் மோட்டார் விற்கிறவர். வாய் ஓடினால் மோட்டாரே வெட்கப்படும். விடுமுறையில் சின்னவளுக்கு ஏதாவது துப்பறியும் வேலை கிடைத்தால், கேட்காமலே உதவியாளராகச் சேர்ந்துகொள்வார். சம்பளம் வேண்டாம், புகழ் போதும் என்பார். ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். கையைத் தட்டினார்.

"மேனேஜர் சார்! இது காபியா, காபியோட ஒண்ணுவிட்ட தம்பியா? ஆறிப்போய் ஐஸாட்டம் இருக்கு."

மேனேஜர் ஓடி வந்தார். கழுத்துப்பட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "மன்னிச்சுக்குங்க சார். ஒட்டகச்சிவிங்கி விவகாரத்துல கிச்சன் பக்கமே போக முடியலை. காலையிலேருந்து பெத்தவங்க எல்லாம் என்னைப் பிச்சுத் திங்கறாங்க. பச்சை வாங்க வேண்டிய பிள்ளைங்க எல்லாத்துக்கும் மஞ்சளைக் கட்டிவிட்டிருக்கு அந்தம்மா. நேத்து ஒரு தாயார் கொண்டையையும் சேத்து அளக்கச் சொல்லிச் சண்டை போட்டாங்க. 'நாளைக்கு வாங்க, எப்படி அளக்கறேன்னு பாருங்க'ன்னு இது சொல்லியிருக்கு. இன்னிக்கு வஞ்சம் வெச்சுத் தலையை அழுத்தறா! பன்னெண்டு மணிக்குப் பூங்காவோட பாதுகாப்பு அதிகாரி வர்றார். அதுக்குள்ள உண்மை தெரியலைன்னா அந்தம்மாவை அனுப்பிட வேண்டியதுதான்."

"உண்மை தெரியலைன்னாவா?" அத்தான் நிமிர்ந்தார். "யாரு உக்காந்திருக்காங்கன்னு நினைச்சீங்க? எங்க கொழுந்தியா. துப்பறியற ஆபீஸ்ல இவ பேரைச் சொன்னா நாற்காலியெல்லாம் எந்திரிச்சு நிக்கும். இதெல்லாம் இவளுக்கு..."

அத்தான் பாதியில் நிறுத்திக்கொண்டு காபியைக் குடித்தார், ஆறிப்போனதை மறந்து. ஆனால் மேனேஜர் அதற்குள் சின்னவளின் முன்னால் கையைக் கூப்பிவிட்டார். யாராவது நேருக்கு நேர் பார்த்தாலே சின்னவளுக்குக் காது சிவக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே, "போய்ப் பாக்கறேன்," என்றாள்.

அளவுக்காரம்மா முக்காலியில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வரிசை கலைந்துபோயிருந்தது. மடியில் இருந்த நோட்டில் கோடு போட்டு, அறை எண், உயரம், பட்டை நிறம் என்று அழகாக எழுதியிருந்தது.

"ஆறு வருஷம்மா," என்றாள். "ஒரு சென்டிமீட்டர் கூடக் குறையக் குடுத்ததில்லை. பச்சை கட்டினா ஒரு தப்பான பிள்ளை மேல ஏறிடுமோன்னு பயந்து பயந்து அளப்பேன். நான் போய் அழுத்துவேனா? பிள்ளைங்க தலை என்ன, தவில் தோலா? வேலை போனாக்கூடப் போகட்டும். வஞ்சம் வெச்சேன்னு சொல்லி அனுப்பினா வேற எந்த வாசல்ல போய் நிப்பேன்?"

"நீங்க எவ்வளவு உயரம்?" என்று சின்னவள் கேட்டாள்.

"நூத்தி அம்பத்திரண்டு. எதுக்கு?"

"ஒரு தடவை நில்லுங்களேன்."

அளவுக்காரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் நின்றாள். சின்னவள் எக்கிக் கட்டையை மெதுவாக இறக்கினாள், பஞ்சை வைப்பதுபோல. நூற்றி நாற்பத்தெட்டு.

"அய்யோ!" என்றாள் அளவுக்காரம்மா.

"ஒண்ணு, இந்த ஊர்ல எல்லாரும் ராத்திரி நாலு சென்டிமீட்டர் சுருங்கியிருக்கணும்," என்றாள் சின்னவள். "இல்லைன்னா ஒட்டகச்சிவிங்கி வளந்திருக்கணும்."

"வளர்ற வயசுதான் போல," என்றார் அத்தான். "நம்ம சுண்டு குடிக்காம வெக்கற பாலையெல்லாம் இதான் குடிக்குதோ என்னமோ."

ஒட்டகச்சிவிங்கியின் பாதத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தது. நான்கு விரல் உயரப் புல். காலையில் வந்தவுடன் கட்டை சரியாக இறங்குகிறதா, கோடு அழிந்திருக்கிறதா என்று அளவுக்காரம்மா தினமும் பார்ப்பாள். எல்லாம் தலைப் பக்கம். கால் பக்கம் அவள் ஆறு வருடமாகக் குனிந்ததில்லை. சின்னவள் மண்டியிட்டுப் புல்லை விலக்கினாள். அடிப்பலகையின் இரண்டு முனைகளுக்கும் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டிரண்டு ரப்பர் செருப்புகள்.

அளவுக்காரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒட்டகச்சிவிங்கிக்கு நாலு கால், நாலு செருப்பு. கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார் அத்தான். ஆனால் அவர் குனிந்து பார்க்கவில்லை.

விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. அறையில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் குளியல் செருப்பின் வார் மாடிக்கொரு நிறம். பிள்ளைகள் வழி தவறினால் அம்மா காலைப் பார்த்து மாடியைச் சொல்லிவிடலாம் என்று யாரோ புண்ணியவான் கண்டுபிடித்தது. நான்கு செருப்புக்கும் ஊதா வார். ஐந்தாம் மாடி.

"நம்ம மாடி," என்றாள் சின்னவள்.

"நாப்பது ரூம் இருக்கு. நீச்சல் குளத்துப் பக்கம் போய்ப் பாரு, எல்லா மாடி செருப்பும் மலையாட்டம் குமிஞ்சு கிடக்கு. யார் வேணா எடுத்திருக்கலாம்," என்றார் அத்தான். "என்னைக் கேட்டா, அந்த முயலை விசாரி. நேத்து சாயங்காலம் இந்தம்மாவோட முயல் சண்டை போட்டதைக் கண்ணால பாத்தேன்."

முயல் என்பது கூடத்தில் வெள்ளை முயல் வேஷம் போட்டுப் பிள்ளைகளோடு கைகுலுக்கும் ஆள். சாமான் அறையில் முயல் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வியர்வையோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"சண்டைதாங்க," என்று ஒப்புக்கொண்டான். "மஞ்சள் வாங்கின பிள்ளைங்க அளவுக்காரம்மாவை ஒண்ணும் பண்ண முடியாது. நேரா வந்து என்னைத்தான் உதைக்குதுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு உதைன்னா தாங்கலாம். இன்னிக்கு எண்ணிட்டேன், பத்தொம்பது. வாலையும் பிச்சுட்டானுங்க. உயரத்தைக் குறைச்சு இன்னும் நாலு உதை கேட்டு வாங்க நான் என்ன பைத்தியமா?"

"குத்தவாளி எப்பவும் இப்படித்தான் சொல்லுவான்," என்றார் அத்தான்.

"சார், இந்தத் தொந்தியைப் பாருங்க. எல்லாம் பஞ்சு. மாட்டிட்டா குனிய முடியாது. மூக்கு அரிச்சா ரிசப்ஷன் பொண்ணைத்தான் கூப்பிடணும். ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழ நான் எங்க போய்ச் செருப்பு வெக்கறது?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "எத்தனை மணிக்கு மாட்டுவீங்க?"

"ஆறரைக்கு. மாட்டிக்கிட்டுக் கூடத்துக்கு வந்தப்ப ஒருத்தர் ஒட்டகச்சிவிங்கிகிட்ட நின்னுட்டிருந்தார். வேற யாரும் இல்லை. முகம் தெரியலைங்க. முயல் வாய் வழியாத்தான் நான் பாக்கறது, முழங்காலுக்குக் கீழதான் தெரியும். வெறுங்கால். பெரிய ஆம்பளை கால். நான் வர்ற சத்தம் கேட்டு விறுவிறுன்னு லிஃப்டுக்குப் போயிடுச்சு அந்தக் கால்."

"காலை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கணும்னா, ஊர்ல இருக்கற எல்லாரையும் ஷூவைக் கழட்டச் சொல்லணும்," என்றார் அத்தான். சொல்லிவிட்டுத் தன் ஷூக் கயிற்றை இன்னும் ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மணி பதினொன்று. மேனேஜர் அறைக்குப் போகும் நடையில் சின்னவள் எப்போதையும்விட மெதுவாக நடந்தாள். விரித்திருந்த கம்பளத்தில் மீன் படங்கள். ஒவ்வொரு மீனாக மிதித்துக்கொண்டு போனாள்.

"என்ன மேடம், பேச்சையே காணோம்?"

"ஒரு விஷயம் இடிக்குது அத்தான். பிள்ளை உயரமாத் தெரியணும்னு பெத்தவங்க ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவாங்க. கொண்டை போடுவாங்க, ஷூக்குள்ள அட்டை வெப்பாங்க. இவன் ஏன் பிள்ளைங்களைக் குட்டையாக்கினான்? பிள்ளை குட்டையா இருந்தா யாருக்கு லாபம்?"

"துணி தெக்கறவனுக்கு. கால் மீட்டர் மிச்சம்."

"அத்தான்."

"சரி சரி. எனக்கென்ன தெரியும்? நான் வெறும் உதவியாளன்."

மேனேஜர் மேஜைமேல் புகார் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். காலையில் வந்த ஒவ்வொருவரையும் அறை எண் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். அத்தான் அதை வாங்கி, செய்தி வாசிப்பவர் குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"'என் மகன் நேற்று நூற்று இருபத்து மூன்று. இன்று நூற்றுப் பத்தொன்பது. உங்கள் தலையணைதான் காரணம்.' அடடா. 'எங்கள் வம்சத்தில் எல்லோரும் நெட்டை. இது எங்கள் பரம்பரைக்கே அவமானம்.' இவர் ஒட்டகச்சிவிங்கிக்கே தூரத்துச் சொந்தம்போல. 'மகள் அழுததைப் பார்த்து என் மாமியாரும் அழுகிறார். இருவரையும் சமாதானப்படுத்த ஆள் அனுப்பவும்.'"

மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார். சின்னவள் சிரிக்கவில்லை. அளவுக்காரம்மாவின் நோட்டை ஒரு பக்கமும், புகார் நோட்டை வாங்கி மறு பக்கமும் வைத்துக்கொண்டாள். இங்கே மஞ்சள் பட்டை வாங்கிய அறை எண்கள். அங்கே சண்டைக்கு வந்த அறை எண்கள். நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்தி அடையாளம் வைத்தாள்.

மஞ்சள் பத்தொன்பது; நான்கைக் கூட்டினால் எல்லாமே பச்சை. முயல் வாங்கிய உதையோடு ஒத்துப்போயிற்று.

புகார் பதினெட்டு.

இன்னொரு முறை எண்ணினாள். பதினெட்டுதான். பிள்ளை ஒரே இரவில் நான்கு சென்டிமீட்டர் சுருங்கியும், ஒரே ஒரு வீட்டார் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அறை ஐந்தாம் மாடியில் இருந்தது. ஐந்நூற்றுப் பதினான்கு.

அந்த அறையின் சாவி அட்டை சின்னவளின் பையிலேயே இருந்தது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதை.

இரண்டு நோட்டையும் மூடினாள். "அத்தான், கொஞ்சம் வாங்களேன்," என்று சொல்லிவிட்டு, துணி வெளுக்கும் அறைப் பக்கமிருந்த படிக்கட்டுக்கு நடந்தாள். அங்கே யாரும் வரமாட்டார்கள். உள்ளே பெரிய இயந்திரங்கள் துண்டுகளைச் சுற்றும் சத்தம் மட்டும் தடதடவென்று கேட்டது.

"காபி ஆறிப்போனதுக்கு மேனேஜரைக் கைதட்டிக் கூப்பிட்டீங்க," என்றாள் சின்னவள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"பின்ன? அது காபியா?"

"அவர் உங்க முன்னாலதான் நின்னார். ஒட்டகச்சிவிங்கியைப் பத்தி அவரே பேச்செடுத்தார். எம்பொண்ணுக்கும் மஞ்சள் கட்டிட்டாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலை. அக்காகிட்ட எழுதிக் குடுக்கறேன்னு சொன்னீங்க. எழுதவும் இல்லை."

"மறந்துபோச்சு."

"நீங்களா? போன வருஷம் ஷாம்பு பாட்டில் சின்னதா இருக்குன்னு மூணு பக்கம் எழுதினீங்க."

அத்தான் ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தார். "அது வந்து, ஷாம்புன்னா..." என்று ஆரம்பித்தார். முடிக்காமல் படியில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு இயந்திரம் நின்று, இன்னொன்று ஆரம்பித்தது.

"ஏணியில மூணாவது படி ஏறினா எனக்குக் கால் நடுங்கும்," என்றார். "மோட்டார் மாட்டறதுக்கு மொட்டை மாடிக்குப் போகச் சொன்னா, பசங்களை அனுப்பிட்டுக் கீழ நின்னு ஜோக் சொல்லுவேன். இது உங்கக்காவுக்கே தெரியாது."

"அப்புறம் ஏன் சுண்டுகிட்ட வாக்குக் குடுத்தீங்க?"

"அப்ப அவ நூத்திப் பத்து! நூத்தி இருபது வர்ற அன்னிக்கு அப்பா பக்கத்துல உக்காந்து வருவேன்னேன். அதுக்கு எவ்வளவோ வருஷம் ஆகும்னு நினைச்சேன். அவ என்னடான்னா தினமும் கம்பியில தொங்கறா, பாலைக் குடிக்கறா, கதவுல நின்னு அளந்துக்கறா. பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. எங்கப்பாவுக்கு எதுலயும் பயமே கிடையாதுன்னு." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நேத்து சாயங்காலம் நூத்தி இருபத்தொண்ணுன்னு அவ குதிச்சா. எனக்கு ராத்திரி பூரா தூக்கமில்லை. காலையில உங்கக்கா செருப்பையும் என் செருப்பையும் எடுத்துக்கிட்டுக் கீழ வந்தேன். அவளை அளந்து முடிச்ச உடனே எடுத்துடலாம்னுதான் இருந்தேன். ஆனா வரிசை நின்னுபோகவே இல்லையே. கூட்டத்துக்கு நடுவுல எப்படிக் குனியறது?"

"இதுல என்னை வேற இழுத்து விட்டீங்களே."

"வாய், சின்னவளே. உன்னைப் பத்திப் பெருமை பேசற இடம் வந்தா நான் வாயை மூடினதா சரித்திரம் இருக்கா? பாதி சொல்லும்போதுதான் உறைச்சுது." நிமிர்ந்து பார்த்தார். "ஏதோ பசங்க விளையாட்டுன்னு சொல்லிடேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"முயல் பெரிய ஆள் காலைப் பாத்திருக்கான். அதோட, அந்தம்மாவுக்கு ஆறு வருஷம் நஷ்டம் அத்தான்." சின்னவளுக்கு அக்கா முகமும் சுண்டு முகமும் மாறி மாறி வந்தன. வேறு எந்த வீட்டுக் குற்றவாளியாக இருந்தாலும் இந்நேரம் எழுதி முடித்திருப்பாள். "நான் சொல்லமாட்டேன். என்னால முடியாது. மணி பதினொன்னே முக்கால். நீங்கதான் சொல்லணும்."

கூடத்தில் பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டிருந்தார். கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர். மேனேஜர் பக்கத்தில். மஞ்சள் பட்டைப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அரைவட்டமாக நின்றார்கள். அளவுக்காரம்மா சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையை ஏற்கெனவே கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று.

அத்தான் அரைவட்டத்துக்குள் போனார். தொண்டையைக் கனைத்தார்.

"ஒட்டகச்சிவிங்கிக்குச் செருப்பு போட்டது யாருன்னு தேடறீங்க," என்றார். "கால் வலிக்குமேன்னு ஒரு இரக்கத்துல..." யாரும் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிசைந்தார். "நான்தாங்க. எனக்கு அந்தத் திமிங்கலத்துல ஏற பயம். எம்பொண்ணுகிட்ட அதைச் சொல்லவும் பயம். இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாப் பிள்ளையையும் சரியாத்தான் அளந்தாங்க. ஒட்டகச்சிவிங்கிதான் பொய் சொல்லிச்சு. சொல்ல வெச்சது நான்."

பரம்பரை நெட்டைக்காரர், "அடப்பாவி மனுஷா!" என்றார். பின்னாலிருந்து ஓர் அம்மாள் சிரித்தாள். இன்னொரு அப்பா, "எனக்கும் பயம்தாங்க. ஆனா எனக்கு இது தோணலையே," என்று முணுமுணுத்து மனைவியிடம் முறைப்பு வாங்கினார்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "பிள்ளையை நெட்டையாக் காட்டினா என்ன பண்ணணும்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கு. குட்டையாக் காட்டினவங்களைப் பத்தி ஒண்ணுமே இல்லையே," என்று கவலைப்பட்டார்.

மேனேஜர் அளவுக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். நான்கு பேர் எதிரே பேசுவது அவருக்கும் சிரமம் போலிருந்தது. "வஞ்சம்னு சொன்னது என் தப்பும்மா. எல்லார் முன்னாலயும் சொன்னேன், எல்லார் முன்னாலயும் வாபஸ் வாங்கிக்கறேன். உக்காருங்க."

அளவுக்காரம்மா அடையாள அட்டையைத் திரும்பக் குத்திக்கொண்டாள். அவசரப்படாமல், நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு. செருப்புகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். பலகை தரையில் டொக்கென்று உட்கார்ந்தது. பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"ஷூவைக் கழட்டிட்டு இப்படி நில்லுங்க."

"நானா?"

"உங்களைத்தான்."

அத்தான் நின்றார். முக்காலிமேல் ஏறி அவர் தலையில் கட்டையை இறக்கினாள். கொஞ்சம் அழுத்தித்தான் இறக்கினாள் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

"நூத்தி எழுபத்தி நாலு," என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் அளவுக்காரம்மா. நோட்டில் எழுதினாள். பச்சைப் பட்டை ஒன்றை எடுத்து அத்தானின் மணிக்கட்டில் சுற்றிப் பூட்டினாள். "தாராளமாப் போகலாம்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டுச் சுண்டு ஓடி வந்தாள், பின்னால் அக்கா.

"வா கண்ணு," என்றாள் அளவுக்காரம்மா. "காலையில இந்த ஒட்டகச்சிவிங்கி காலை எக்கிக்கிட்டு நின்னுடுச்சு. இப்ப ஒழுங்கா நிக்குது. வந்து நில்லு." அத்தானின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. நின்றிருந்தவர்களும் ஏனோ ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நூற்றி இருபத்தொன்று. மஞ்சள் கத்தரிக்கப்பட்டுப் பச்சை ஏறியது. சுண்டு கையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் அப்பாவின் கையைக் கவனித்தாள்.

"அப்பா! உன்னையும் அளந்தாங்களா?"

மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு வரிசைக்கு முண்டியடித்தார்கள். வாசலில் பூங்கா பஸ் ஹாரன் அடித்தது.

"முன் வரிசையில உக்காரலாம்ப்பா. அங்கதான் ரொம்ப தூக்கிப் போடுமாம். போலாமா?"

அக்கா, மேனேஜர், அதிகாரி, மறுபடி தலையை மாட்டிக்கொண்டு வந்து நின்ற முயல், எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். சின்னவள் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். இப்போது ஏதாவது சொல்வார், சொல்லாமல் இருக்கமாட்டார் என்று காத்திருந்தாள்.

அத்தான் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நெற்றியில் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. குனிந்து ஷூவை மாட்டினார். கயிற்றைக் கட்டாமலே விட்டுவிட்டார். சுண்டுவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ்ஸை நோக்கி நடந்தார்.